யார் வந்து பார்த்தது

நவ. 18
காலையிலேயே மழை. வாவிப் பக்க ஜன்னலை மூடியும் மேசையில் தூவானம். கணினியைச் சுவரோரம் தள்ளினேன். பால்மா முடிந்துவிட்டது.

நுஸ்ரத்தின் செய்தித்தளத்துக்கு வருகை ஏறிக்கொண்டே போகிறது. அவளுக்குச் சந்தோஷம். தளத்தைப் பராமரிக்கிற எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் பக்கத்தை நகர்த்திப் பார்ப்பதில்லை. மரண அறிவித்தலைக்கூடத் திறப்பதில்லை. மட்டக்களப்பில் அப்படியும் ஆட்களா?

நவ. 19
நுஸ்ரத் ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். இந்த வருகை பற்றிக் கேட்டேன்.

“ஓம்கா, வாசகர் சேர்த்துத் தாறன் எண்டு ஒருத்தன் சொன்னான். நம்மட செய்திய பேஸ்புக்கில போடுவான் எண்டுதான் நினைச்சன்.”

போடவில்லை. எங்கோ ஓர் இயந்திரம் ‘ஒருவர் வந்தார்’ என்று எங்கள் வருகைக் கணக்குக்குச் சொல்லியபடியே இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் காத்தான்குடி தளபாடக் கடை ஹாஜியார் விளம்பரம் தருகிறார்.

“அவருக்குச் சொல்லுவமா?” என்று கேட்டேன்.

“முதல்ல இத நிப்பாட்டு. மறுகா பாப்பம்.”

நவ. 20
தலையிடி. இயந்திரத்தைத் தடுக்கும் நிரலை எழுதி முடித்தேன். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ஓர் இரகசிய எண், முத்திரை மாதிரி. வாசகரின் போன் அதைச் சரியாகத் திருப்பி அனுப்பினால்தான் வருகை என்று எண்ணப்படும். இல்லாவிட்டால் பக்கமே திறக்காது. இந்தக் கடைசி வரி கோபத்தில் சேர்த்தது.

மாலைக்குள் வருகை சரிந்தது. நுஸ்ரத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு பேர்தானா நமக்கு?”

நவ. 21
மழை விடவில்லை. வாகரை வீதிக்கு மேலால் வெள்ளம். எந்தப் பாதை மூடியது, எங்கே படகு நிற்கிறது என்று நுஸ்ரத் உடனுக்குடன் போடுகிறாள்.

தளத்தின் இலக்கத்துக்கு அழைப்பு. வாகரையிலிருந்து ஒரு பெண்.

“தங்கச்சி, உங்கட பக்கம் திறக்குதில்ல. ரோட்டால போகலாமா? மகளுக்குப் பிரசவ நோவு துடங்கிட்டு.”

படகு நிற்கும் இடத்தைச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். பிறகுதான் கேட்டேன், என்ன போன் என்று. பழைய போன். முத்திரையைத் திருப்பி அனுப்ப அதற்குத் தெரியாது. அவளையும் இயந்திரம் என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.

அந்த வரியை அழித்தேன். இனி யாருக்கும் திறக்கும். முத்திரை எண்ணுவதற்கு மட்டும்.

இன்னும் எத்தனை பேர் திறந்து பார்த்துத் திரும்பிப் போனார்கள்? வருகைப் பதிவில் அவர்களும் இயந்திரமும் ஒரே மாதிரி.

நவ. 22
அதே இலக்கத்துக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பெண் குழந்தை. “படகு வந்திச்சு தங்கச்சி,” என்றாள். பின்னால் அழுகைச் சத்தம்.

உடுப்பு ஒன்றும் காயவில்லை. நுஸ்ரத்திடம் சொன்னேன், நாளைக்கு ஹாஜியாரிடம் போகிறோம்.

நவ. 23
வெயில். காத்தான்குடி. நுஸ்ரத்தே எல்லாவற்றையும் சொன்னாள், உண்மையான கணக்கையும். ஹாஜியார் ஒரு கதிரையின் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்களே வந்து சொன்னது நல்லம் புள்ள. ஆனா இவ்வளவு காலமும் நான் ஆருக்குக் காட்டின விளம்பரம்?”

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து தெருவோரம் நின்றோம். வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

“ஏன்? இப்ப கையில இருக்கிற கணக்கு மெய்தானே,” என்றாள் நுஸ்ரத். பக்கத்துத் துணிக்கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விளம்பரம் கேட்க உள்ளே போனாள். நானும் போனேன்.