விழ வேண்டியவன்

13 அக்டோபர் 2024, ஞாயிறு

அஜித்தாவின் தோள்மூட்டை விலக்கியது எங்கள் ஆட்களின் மானம். கை மட்டும் என்னுடையது.

எங்கள் ஜூஜுட்சு தற்காப்புக்கலை மரபில் மூத்தவர்தான் விழ வேண்டும். பழகுகிறவர் வீழ்த்த வேண்டும். விழத் தெரிந்தவன்தான் உடம்பைக் கொடுக்கலாம். கியோட்டோவில் என் ஆசிரியர் எழுபது வயதில் எனக்காக விழுந்தவர். அந்த மரபை லண்டனில் காப்பாற்றுகிறவன் நான். காப்பாற்றிய இலட்சணம்!

நேற்று ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் வாணி விழா. மேடையில் என் மாணவி அஜித்தா என்னை வீழ்த்திக் காட்டுவதாக இருந்தது. மேடைக்குப் பின்னால் விழாத் தலைவர் கனகலிங்கம் அங்கிள் முதுகில் தட்டினார். “என்ன தம்பி, பெட்டையிட்ட விழவோ ஜப்பானுக்குப் போய்ப் படிச்சனி?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு அஜித்தாவிடம், “இண்டைக்கு நீ விழு” என்றேன்.

“அண்ணை, அப்பிடி விழ எனக்கு இன்னும் பழக்கேல்லையே.”

“சும்மா விழு. நான் பாத்துக்கொள்ளுவன்.”

பார்த்துக்கொண்டேனா? கைதட்டல் ஓய்ந்தது. அவள் எழும்பவில்லை. “நல்லா நடிக்கிறாள்” என்றது ஒரு குரல்.

14 அக்டோபர்

என் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி நாள் முழுக்கப் போன். த்தூ.

16 அக்டோபர், புதன்

அப்டன் பார்க்கில் அஜித்தா புருவம் எடுக்கும் வேலை பார்க்கிற கடைக்குப் போனேன். அவள் இல்லை. முதலாளி சிவகௌரி அக்கா நூலைப் பல்லில் கடித்தபடியே சொன்னா: “இதுக்கு ரெண்டு கையும் வேணும், தம்பி. ஒரு கையால அரைப் புருவம்தான் எடுக்கலாம். எப்பிடி விழுந்தவள்?”

“கால் தடக்கிப் போச்சு.”

என் வாய்தான் சொன்னது. ஏன்? கேட்டது ஒரு கேள்விதானே — அதற்கும் ஒரு பொய். மனுசனா நான்?

17 அக்டோபர்

அவளுக்குப் போன் எடுக்கவில்லை. ஏலாது.

24 அக்டோபர், வியாழன்

வகுப்பு நிறையப் புதுப் பிள்ளைகள். சுவரோரம் பெற்றோர். முன்வரிசையில் கனகலிங்கம் அங்கிளின் பேரன்.

அஜித்தா வந்தாள். கை கழுத்திலிருந்து தொங்கும் தூக்குக்கட்டில். வழக்கம்போலப் பயிற்சிப் பாயின் ஓரத்தில் நின்று குனிந்து வணங்கினாள் — எனக்கல்ல, பாய்க்கு.

“அண்ணை, என்ர கை சுகமானதும் அதே மண்டபம், அதே சனம். நான் உங்களை விழுத்தோணும். அங்கிளுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன் என் பையில்தான் இருந்தது. நான் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னேன்.

“எடுங்கோ, அண்ணை. இப்பவே.”