கடையில் வாங்கிய கீரை

அன்புமிக்க என்னவருக்கு,

வணக்கம். உங்கள் இருமல் விட்டதா? வெந்நீர்தானே குடிக்கிறீர்கள்? இது போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன். போனை எடுத்தாலே உங்கள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அத்தை தவறிப்போன பிறகு மாமா எப்படி இருந்தார் என்று பார்த்துவிட்டுத்தான் நீங்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பினீர்கள். சுவரையே வெறித்துக்கொண்டிருந்த மனுஷரை எழுப்பி நிறுத்தியது பின்பக்கத்துக் கீரைப்பாத்திதான். மருந்தே அடிக்காத கீரை என்று அத்தனை பெருமை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பறித்துக்கொண்டு வரும்போது, காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் முகத்தில் முதல் சம்பளம் வாங்கிய களை.

ஒரு நாள் வீட்டுக்கார அம்மா பேச்சுவாக்கில், அந்த இடத்தில்தான் அவர் கணவர் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார் என்று சொன்னார். ஈயம் விஷமாயிற்றே! மாமாவுக்குத் தெரியாமல் மண்ணையும் கீரையையும் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டிலும் ஈயம், அளவுக்கு மேல். நன்றாகக் கழுவினால் போகாதா என்று கேட்டேன். "மேல ஒட்டின மண்ணு போகும்மா. வேர் வழியா உள்ள ஏறினது எப்படிப் போகும்?" என்றார் அங்கிருந்தவர்.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். கொஞ்ச நாள் போகட்டும் என்று, அவர் பறித்துத் தந்ததைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்கீரையைச் சமைத்துப் போட்டேன். பிரமாதம் மாமா என்று வாய் கூசாமல் வேறு சொன்னேன்.

அதுவே வினையாகிப்போனது. மருமகளே பாராட்டுகிறாளே என்று உச்சி குளிர்ந்துபோய் இன்னொரு பாத்தி போட்டார். பக்கத்து வீட்டில் மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுக்கவும் ஆரம்பித்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. அவள் வாசலில் என்னை நிறுத்தி, "அக்கா, உங்க மாமா கீரை இல்லாம எனக்குச் சோறே இறங்கலை" என்று சிரித்தாள். அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேரே வீட்டுக்கு வந்து மாமாவிடமும் சொன்னேன்.

 அப்படியென்றால் இத்தனை நாள் நான் சாப்பிட்டது என்ன என்று கேட்டார். கடைக்கீரை என்றேன். "அதானே பார்த்தேன், என் கீரை இவ்வளவு சுமாராவா இருக்கும்?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் சிரிக்கவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேம்மா. அந்தப் புள்ளைத்தாச்சி வயித்துக்குப் போயிருக்காதே" என்றார்.

மறுநாள் அவரே எல்லாவற்றையும் பிடுங்கி மூட்டை கட்டினார். எங்களோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்யவைத்தார். எங்கள் இருவருக்கும் பயமில்லையாம்; அவள் ரத்தத்தில்தான் கொஞ்சம் ஈயம் இருக்கிறதாம். இப்போதே நிறுத்தியது நல்லதாயிற்று, அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை எங்களுக்கு நிம்மதி ஏது? நல்ல மண் வாங்கித் தொட்டியில் வளர்க்கலாம் மாமா என்றால், பஸ் ஓட்டினவனைப் பொம்மைக் கார் ஓட்டச் சொல்கிறாயா என்று முறைக்கிறார். ஆனாலும் நேற்று கடைக்குப் போய்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

தாங்கியிருப்பேன் என்று அவர் சொன்னது என்னை விடவே மாட்டேன் என்கிறது. உங்களிடமும் நான் அதையேதானே செய்கிறேன்? இங்கே எல்லாம் சௌகரியம், அவசரப்படாமல் வேலையை முடித்துவிட்டு வாருங்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியது பொய். தனியாக என்னால் முடியவில்லை. நீங்களும் தாங்குவீர்கள் என்று நம்பித்தான் சொல்லிவிட்டேன்.

வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி