இரண்டு நாள் பறிக்காத காளான்

அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த வீட்டில் எல்லாமே நடக்கிறது. போனில் சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்தில் அம்மாவும் இருப்பாள்.

போன விடுமுறைக்கு வந்தபோது, காளான் ஒரு செடியே இல்லை என்று விளக்கினாய். வைக்கோல் பைக்குள் வெள்ளையாகப் பரவும் இழைதான் அதன் உடம்பு, வெளியே தெரியும் குடை வித்து பரப்புவதற்கு மட்டும் என்றாய். அம்மா வாய் பிளந்து கேட்டாள். ஆறு வருஷமாக அவள் கையால் பறிப்பதைப் பற்றித்தான் அவளுக்குப் பாடம் நடத்தினாய்.

நீ இருந்த இரண்டு நாளும் நானும் அம்மாவும் காளான் பண்ணை வேலைக்குப் போகவில்லை. சிப்பிக் காளான் யாருக்காகவும் காத்திருக்காது. குடையின் ஓரம் உள்பக்கம் சுருண்டிருக்கும்போதே பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் அடி மடிப்புகளிலிருந்து வித்து பொடிப்பொடியாகக் கொட்டும். திரும்பிப் போனபோது நானூறு பையிலும் காளான் விரிந்து, வித்து அறை முழுக்கப் புகை மாதிரி நின்றது. முதலாளி, "மகன் வந்தான்னு லீவு போட்டீங்கல்ல, நீங்களே கூட்டுங்க" என்றார். பொடி அடங்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்தால் பைகள் அழுகிவிடும் என்று அம்மா அப்படியே துடைப்பத்தால் கூட்டினாள். இருந்த ஒரே முகமூடியை எனக்குக் கட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்குக் காய்ச்சல். இருமல் இன்னும் நிற்கவில்லை. இப்போது மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, வித்துதான் நுரையீரலைக் கெடுத்திருக்கிறது என்றார். "இனிமே அந்த அறைக்குள்ள கால் வைக்காதீங்க" என்றார். வெளியே வந்ததும் அம்மா, "அவன்கிட்ட மூச்சு விடாத. பரீட்சை முடியட்டும்" என்றாள். மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டால் இருமலை அடக்கிக்கொண்டு, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாள். நீயும் நம்பிவிடுகிறாய்.

ஒரு குடையைக் கறுப்பு அட்டையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். மறுநாள் எடுத்தால், மடிப்புகள் கோடு கோடாக வெள்ளைப் பொடியில் பதிந்திருந்தன. ஒரு குடைக்கே இவ்வளவு என்று அம்மாவிடம் காட்டினேன். "அழகா இருக்குடி" என்றாள்.

அவள் பை வரிசையையும் நானே பறிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளை, சும்மா இரு என்கிறாள். நீ சொன்னால் மறுபேச்சு இருக்காது. அது எப்போதும் அப்படித்தான்.

படிப்பை விட்டுவிட்டு வா என்று எழுதவில்லை. இந்த வீட்டில் அதற்கு ஒருத்தி போதும். அம்மாவை வீட்டில் இருக்கச் சொல். இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்.

நீ நன்றாகப் படி, அண்ணா.

இப்படிக்கு,
உன் தங்கை