மஸ்டரில் இல்லாத பேர்

தேவிகுளம்
18-9-1976

அன்பு மகன் சோலைக்கு அம்மா சொல்லி எழுதுவது. நானும் உன் தங்கச்சியும் சுகம், மழைக்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறது, விட்டபாடில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்க மாரியம்மன் துணை. நான் சொல்லச் சொல்ல மாரித்தாய் எழுதுகிறாள், நடுவில் குசும்பு தெரிந்தால் அது என் வாயில் வந்ததில்லை. (அம்மா வாயில் வருவதை எல்லாம் எழுதினால் தபால்காரர் தொடமாட்டார் அண்ணே.)

உன் கடுதாசி கிடைத்தது. பரீட்சை எழுதவில்லை, எதற்குப் படிக்கிறேன் என்றே தெரியவில்லை, சித்தூரில் கூட்டாளி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன், உன் இடத்தில் நானே வேலைக்கு ஏறிக்கொள்கிறேன், எஸ்டேட்டில் கொடுத்த லயத்து வீடாவது நிற்கும் என்று எழுதியிருந்தாய். வாசிக்கக் கேட்டதும் அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, அடுப்பில் சோறு கொதித்தது, வடித்தேன். அந்த இடம் இப்போது இல்லை மகனே. போன மாதக் கடைசியில் வயசு முடிந்தது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் இல்லாத வீடு, பிள்ளைகளில் ஒன்று வேலைக்குப் பேர் கொடுக்காவிட்டால் காலி செய்ய வேண்டும். அன்றைக்கே உன் தங்கச்சி சூப்பர்வைசர் மத்தியாஸிடம் போய், ராமுத்தாய்க்குப் பதிலா மாரித்தாய், பின்பாதி ஒண்ணுதான் சார், முன்பாதியை மட்டும் அடிச்சு எழுதுங்க, மை மிச்சம் என்று சொல்லிப் பதிந்துவிட்டாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, நான் அதை விடவில்லை. உனக்காகத்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே.)

மறுநாள் சங்கு ஊதினதும் எழுந்தேன், கொழுந்து பறிக்கக் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மழையில் போய் மஸ்டரில் நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நின்ற இடம், கால் தானாகப் போய்விட்டது. மத்தியாஸ் எல்லார் பேரையும் கூப்பிட்டு முடித்து, ராமுத்தாயக்கா, ஒங்க பேரு இப்ப இதுல இல்லையே என்றார். கூட நின்ற சாந்தம்மாள், ஏ மதினி, வீட்ல ராணி மாதிரி தூங்காம இங்க வந்து நனையுதியே என்று வைதாள். உன் தங்கச்சி வரிசையிலிருந்து, எங்கம்மா எனக்குக் காவலுக்கு வந்திருக்கு, அதுக்கும் ஒரு பேரு போடுங்க சார் என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் கூடையோடு மலை ஏறிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். வீட்டுக்குப் போகிற வழி தெரியும், போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்கப்புறம்தான் உன் கடுதாசி வந்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் சோம்பேறிப் பயல் என்பார்கள், எனக்கு விளங்கியது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தெரியவில்லை எய்யா. எதற்கு என்று கேட்காமலே இத்தனை காலம் கொழுந்து பறித்தேன், கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்குமோ என்னவோ. வேலைக்கென்று வராதே, சும்மா இருக்க வா. பகலில் வீட்டில் நான் ஒருத்திதான். அடுத்து என்ன என்று நான் கேட்கமாட்டேன், லயத்தில் யாராவது கேட்டால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்று சொல், அது பொய்யும் இல்லை.

கம்பளியை மறந்துவிடாதே, நனைந்த சட்டையோடு பஸ்ஸில் உட்காராதே. ஆத்தா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
ராமுத்தாய் (கைநாட்டு)

(அண்ணே, இது அம்மா சொல்லாதது. சாயங்காலம் நான் வரும்போது விளக்குக்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருக்கிறது. என்ன சொன்னாலும் சிரிப்பதில்லை. என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது, நீ வா.)