நல்லா கேக்குது

ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன், அப்பா. இறந்துபோனவர் என்பதற்காக அதைக் குறைத்துக்கொள்ள முடியவில்லை.

டிவி இரைகிறது என்றார் சித்தப்பா. நீங்கள் போன பிறகு உங்கள் நாற்காலியில் அவர்தான் உட்காருகிறார். இன்று காலை டிவியின் முதுகைத் திறந்தேன். தூசி வாசனை. ஈயம் உருகிய வாசனையும் வந்தது போலிருந்தது. வந்திருக்காது, நான் பற்றவைத்து ஒரு வருடம் ஆகிறது. வால்யூம் திருகும் குமிழின் பின்னால், அன்று நான் பற்றவைத்த வயர் ஒரு முனையில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு வயர். நீங்கள் பார்த்ததில்லை.

போன கோடை விடுமுறை. மதுரையில் என்னுடன் பி.எஸ்சி. படித்தவளின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டு வந்த கம்ப்யூட்டரை இரவல் வாங்கி, துணிப்பையில் வைத்து பஸ்ஸில் மடியோடு அணைத்துக் கொண்டுவந்தேன். பார்க்க வெறும் எழுத்துப் பலகை. திரை அதற்குக் கிடையாது, டிவிதான் திரை. சிலோன் ஸ்டேஷன் பிடிக்க நீங்கள் மொட்டை மாடியில் நட்ட கம்பத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் இதைச் செருகினேன்.

அது ஒரு பாட்டின் சுரங்களை வாசிக்கும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். ஒவ்வொரு சுரத்துக்கும் திரையில் ஒரு வெள்ளைக் கட்டை எழும்பி இறங்கும். நீங்கள் பருத்தித் தரகு முடித்து ஜின்னிங் பாக்டரியிலிருந்து வந்து, பஞ்சு ஒட்டிய சட்டையோடு உட்கார்ந்து பார்த்தீர்கள்.

"படம் வருது. சத்தம் வராதாம்மா?"

அப்போது அது பாடிக்கொண்டிருந்தது. பலகைக்கு அடியில் உள்ள சின்ன ஸ்பீக்கரில், கொசு மாதிரி. சத்தம் சன்னம், அதனால் கேட்கவில்லை என்று நினைத்தேன். டிவியின் ஸ்பீக்கரில் வரவைத்துவிட்டால் தீர்ந்தது.

எனக்கு அது விளையாட்டு இல்லை. அதற்கு முந்தின பொங்கலுக்குச் சித்தப்பாவும் இருக்கும்போது கேட்டிருந்தேன். டிகிரி முடித்ததும் மெட்ராஸில் கம்ப்யூட்டர் படிக்கட்டுமா என்று. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "வேண்டாம்மா" என்றீர்கள். ஏன் அப்பா என்றேன். அதற்கும் "வேண்டாம்மா" என்றீர்கள். கண்டிப்பான மனுஷன் என்று சித்தப்பா தலையாட்டினார். இந்த இயந்திரம் கணீரென்று பாடுவதைக் கேட்டால் உங்கள் மனது மாறும், மறுபடி கேட்கலாம். அதற்காகத்தான் இரவல் வாங்கியதே.

கம்ப்யூட்டரில் டேப் ரெக்கார்டர் மாட்டும் ஓட்டையிலிருந்து சத்தத்தை எடுக்கலாம். ஆனால் நம் டிவியின் உள்தகட்டில் கரண்ட் ஓடும். நேராக இணைத்தால் கம்ப்யூட்டரும் போகும், நானும் போவேன். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய சின்ன டிரான்ஸ்பார்மரை நடுவில் வைத்தேன். ஈயம் பற்றவைத்தேன். விரல் சுட்டது. மத்தியானம் பாட்டு டிவியில் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏட்டி, என்ன இது, நாயனக்காரன் உள்ள உக்காந்திருக்கானா?" என்றாள்.

சாயங்காலம் உங்களை உட்காரவைத்து ஓடவிட்டேன். கட்டைகள் எழும்பி இறங்கின. நீங்கள் நாற்காலிக் கையில் விரலால் தட்டினீர்கள். கட்டை எழும்பும்போதெல்லாம் ஒரு தட்டு.

"டிவியில நல்லா கேக்குதும்மா. கணீர்னு இருக்கு."

டிவி ஊமையாக இருந்தது. பற்றவைத்தது ஒரு முனையில் விட்டுப்போய், வயர் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கொசு மட்டும் பாடியது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். அம்மா புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். "ஜின்னு மிஷின் பக்கத்துலயே நின்னு நின்னு அவியளுக்குக் காது மந்தம். வெளிய சொல்லக்கூடாதுன்னுருக்காவ."

"பொங்கலுக்கு நான் கேட்டது?"

"வெளங்கலன்னா வேண்டாம்னு சொல்லிருவாவ. வேண்டாம்னு சொன்னா நட்டம் வராதுல்லா."

தரகருடைய கணக்கு. பருத்தி யாவாரத்தில் உங்களுக்குக் காதே தேவைப்படவில்லை. இருவர் கையையும் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவீர்கள். எந்த விரல், எத்தனை அழுத்து, எல்லாம் கைக்குள் முடிந்துவிடும். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து, விளைத்த பருத்தி மூட்டையோடு வருகிற சம்சாரிக்குக்கூட அந்தப் பாஷை தெரியும். கேட்காத காதுக்கு ஒரு பாஷை வைத்திருந்தீர்கள். அதை ஊருக்கெல்லாம் கொடுத்தீர்கள். என் கையை மட்டும் பிடிக்கவில்லை.

மறுநாள் உங்கள் காதருகே போய்க் கத்திக் கேட்டேன். மெட்ராஸ். படிப்பு. நீங்கள் வாசலைத்தான் பார்த்தீர்கள், யாருக்காவது கேட்டுவிட்டதா என்று.

"கத்தாத. செவிடன்னு நெனச்சியா? வேண்டாம்னா வேண்டாம்தான்."

இது எதற்குச் சொன்ன வேண்டாம்? என் கேள்விக்கா, என் சத்தத்துக்கா? எனக்குத் தெரியாது. செவிடன் என்று பெயர் வாங்குவதைவிடக் கொடுமைக்காரன் என்று பெயர் வாங்குவது உங்களுக்கு மேலாக இருந்தது. அந்தப் பெயருக்கு விலை நான். மாசியில் உங்களுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. யாரும் எதையும் கேட்க நேரமில்லை.

இப்போது அந்த வேண்டாம் சித்தப்பாவிடம் இருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். டிகிரி முடிந்து, மெட்ராஸில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்த செய்தியைச் சொன்னேன். "அண்ணன் வேண்டாம்னு சொல்லிட்டாவ. செத்தவிய வாக்க நான் மீற மாட்டேன்" என்கிறார். உங்கள் காதில் விழவே விழாத ஒரு கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில், நீங்கள் போன பிறகும் இந்த வீட்டை ஆள்கிறது.

வயரின் தொங்கிய முனையை மறுபடி பற்றவைத்தேன். கம்ப்யூட்டர் என்னிடம் இல்லை, திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. சும்மாதான். விட்டுப்போன இடத்தை அப்படியே மூட மனம் வரவில்லை. தொங்கிய வயரால் வந்த இரைச்சல் நின்றது.

பிறகு சித்தப்பாவிடம் போய், சாதாரணக் குரலில், நீங்கள் ஆயுசு முழுக்க மறைத்ததைச் சொன்னேன்.

"அப்பாவுக்குக் காது கேக்காது சித்தப்பா. பொங்கலுக்கு நான் கேட்டதே அவியளுக்குத் தெரியாது."

"வாய மூடுட்டி. யாரு சொன்னா?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள், "நான்தான் சொன்னேன்."

சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் நாளை பாக்டரியில் சொல்லுவார். ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். உங்களைக் காட்டிக்கொடுத்தது எனக்கு வலிக்கிறது, அப்பா. ஆனால் வருத்தப்படவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

டிவியின் முதுகை மூடி ஸ்குரூவை முடுக்கினேன். துணிகளைப் பையில் வைத்தேன். மதுரை பஸ் பிடித்து, அங்கே மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்தேன்.