மைதானத்தின் நடுவில் ஒரு மையம்

அன்புள்ள மகனுக்கு,

நம் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரத்து அறுபத்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது என்று, பொறியாளர் என்று பட்டம் போட்டுக் கையெழுத்திட்டு, பள்ளி அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியவன் நீ. உன் தங்கை மகள் பட்டாணிக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் இல்லை என்று ஆனது அந்தக் கடிதத்தால்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாய், மருமகளுக்கு இருமல் விட்டுவிட்டது என்று உன் தங்கை சொன்னாள், சரி. எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிறது. சலவைக் கடை நடக்கிறது. பழைய இஸ்திரிப் பெட்டி ஒரு வக்கீலின் காலரைத் தீய்த்துவிட்டதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். வக்கீல் இன்னும் முறைக்கிறார்.

பள்ளிக்கூடத்தின் விதி உனக்குத் தெரியும். நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வீடு இருந்தால் இடம், இல்லாவிட்டால் இல்லை. சுற்றளவு என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் சொல்வது ஆரத்தை, அதை விடு. உன் தங்கை உன்னிடம் கேட்டது பட்டாணிக்கு ஆதரவாக ஒரு வார்த்தை எழுதச் சொல்லி. நீ உன் கணினியில் வரைபடத்தைத் திறந்து, பள்ளியின் பெயருக்குக் கீழே இருந்த புள்ளியிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு கோடு இழுத்து, வந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டாய். தொலைபேசியில் நான் கேட்டபோது, கணக்கு கணக்குதாம்மா, அதுல பாசம் பாக்க முடியாது என்றாய். நான் உன்னிடம் பாசம் கேட்கவில்லை. உன் பழைய பாடப் புத்தகம் பரணில் இருந்தது, இறக்கி வட்டங்கள் என்ற பாடத்தை முதல் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன், யாரையும் சொல்லித்தரக் கூப்பிடவில்லை. தபால் நிலைய நாற்சந்தியை ஆதிப்புள்ளியாக வைத்தேன். கிழக்கே போகும் பெரிய சாலை x அச்சு, வடக்கே போகும் மருத்துவமனைச் சாலை y அச்சு, நூறு மீட்டருக்கு ஓர் அலகு. நம் வீடு (−2, −4). நீ வைத்த புள்ளி (5, 4). அதை மையமாக வைத்துப் பத்து அலகு ஆரத்தில் வட்டம் போட்டால் நம் வீடு வெளியேதான் விழுகிறது, உன் எண்ணில் பிழை இல்லை. ஆனால் (5, 4) என்பது விளையாட்டு மைதானத்தின் நடு. வானத்திலிருந்து இறங்கி அங்கே படிக்கப் போகிற பிள்ளை எது? நீயே எல்லா வகுப்பும் முன்வாசல் வழியாகப் போய்த்தானே படித்தாய். முன்வாசல் (4, 3). அதை மையமாக வைத்தால் சமன்பாடு x² + y² − 8x − 6y − 75 = 0. இதில் நம் வீட்டைப் பிரதியிட்டால் வருவது −15. எதிர்க்குறி வந்தால் புள்ளி வட்டத்துக்குள் இருக்கிறது என்று உன் புத்தகமே சொல்கிறது, நீயே அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறாய். உன் கணக்கு சரி, மையம்தான் தப்பு.

முதல் தடவை நான் அடைப்புக்குள் கழித்தல் போட வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டு வட்டத்தை வரைந்துவிட்டேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏக்கா, ஸ்கூல் எப்பக்கா ஐஸ் கம்பெனிக்குள்ள போச்சு என்று கேட்டுச் சிரித்தார். புத்தகத்தில் அந்தக் குறியை எறும்பு அளவுக்கு அச்சடித்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். திருத்தி வரைந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கடைதான் நம் கடைக்குப் பக்கம், வீடு பள்ளிக்கு அந்தப் பக்கம், (13, 8). அவர் மகளுக்கு இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது, மைதானப் புள்ளியின் வட்டத்தில் அவர் வீடு உள்ளே. என் வட்டத்தில் போட்டுப் பார்த்தால் +6. அக்கா, நீங்க வட்டத்தை உங்க பக்கம் இழுத்தா என் பொண்ணு இந்தப் பக்கம் வெளியில விழுந்துடுவா போலிருக்கே என்றார். ஆமாம் என்றேன். ஆமாம் என்றால் ஆமாம்தான், அதற்காக நான் கணக்கை நிறுத்தவில்லை. அதை ஒரு மனுவாக எழுதி எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா உன் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்து, உங்க பையனே வெளியேன்னு எழுதிட்டாரேம்மா, அவரு படிச்சவரு, நான் என்ன பண்றது என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் உட்கார்ந்தேன். கடைசியில் தலைமையாசிரியை உள்ளே கூப்பிட்டு, சரிம்மா, புள்ளியை முன்வாசலுக்கு நகர்த்திக்கிறோம், ஒரு இடம் காலியாகும், அதை உங்க பேத்திக்குக் கொடுத்துடறோம், வெளியில பேசாதீங்க என்றார். எப்படிக் காலியாகும் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காலியாவது தையல்காரர் மகளின் இடம், அந்தக் குழந்தைமேல் இரக்கப்பட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் நடந்து வருவது பின்வாசல் வழியாக. பின்வாசல் (6, 5). அதை மையமாக வைத்தால் x² + y² − 12x − 10y − 39 = 0, அதில் தையல்காரர் வீடு −42, என்னைவிட நன்றாகவே உள்ளே இருக்கிறார். இரண்டு வாசல் வைத்துக் கட்டிவிட்டு ஒரு வட்டம்தான் என்று யார் சொன்னது? எனக்கு ஒரு தப்பான மையம் வேண்டாம் என்று போய் இன்னொரு அரைகுறை மையத்தை வாங்கிக்கொண்டு வர முடியாது. இரண்டு சமன்பாட்டையும் ஒரே மனுவில் எழுதினேன். தலைமையாசிரியை சொன்னதையும் சொல்லித் தையல்காரரிடம் நீட்டினேன், அவர் இரண்டு நாள் யோசித்தார். இடம் கையில இருக்கு, நான் ஏன் வம்புக்குப் போகணும் என்றார். பிறகு அவரே வந்து, நகர்த்துறோம்னு சொன்ன புள்ளி நாளைக்கு யார் வந்து கேட்டாலும் நகரும்தானே அக்கா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு, ஒரு ஸ்கூலுக்கு ரெண்டு மையம் வெச்சா கம்ப்யூட்டர் எங்கேம்மா போய் முட்டிக்கும் என்று கேட்டார். அது அவர் கவலை.

உன் தங்கை என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. கையில கொடுத்த இடத்தை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டியே, உனக்கு உன் வட்டம்தான் பெருசு என்றாள். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக் குழு கூடுகிறது, அதில் ஆகாவிட்டால் பட்டாணி ரயில் பாதையைத் தாண்டி இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும், காலை ஷிப்டு முடியாமல் உன் தங்கையால் மருத்துவமனை வேலையை விட்டு வர முடியாது, என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் பேருந்துப் படி ஏறி இறங்கவும் முடியாது. இவ்வளவும் தெரிந்துதான் வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், மருமகளைக் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே விடாதே, இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். இனி ஆக வேண்டியது. நீ வியாழக்கிழமைக்குள், அதே கையெழுத்தோடு, நான் அளந்தது மைதானத்தின் நடுவிலிருந்து, வாசலிலிருந்து அல்ல என்று பள்ளிக்கு எழுத வேண்டும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம், அந்த ஒரு வரி போதும். உன் தங்கை பட்டாணியின் பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும், என்னோடு பேசாமலே வைக்கலாம். குமாஸ்தா உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் குழுவின் முன் வைக்க வேண்டும். தலைமையாசிரியை என்னிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் விட்டதைக் குழுவில் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கடையைப் பூட்டிவிட்டு முன்வாசலில் பட்டாணியோடு நிற்பேன். தையல்காரர் தன் மகளோடு பின்வாசலில் நிற்க வேண்டும். இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டால்தான் நாங்கள் உள்ளே போவோம்.

இப்படிக்கு,
அம்மா