இரண்டாவது கையெழுத்து

பன்னிரண்டு வருடம் வாய்மூடி இருந்துவிட்டேன். போதும்.

இன்று காலை கலாசாலைக் கந்தோரில் எனக்கொரு தடித்த உறை வந்தது. பிரித்தவுடன் ரோணியோ அச்சு மையின் மணம் மூக்கில் ஏறியது. உள்ளே எட்டுப் பக்கப் படிவம். நம் கலாசாலையில் ஆசிரியர்களைப் பயிற்றும் முறை எவ்வளவு தரமானது, அதனால் விளைந்த பயன் என்ன என்று அளந்து அனுப்ப வேண்டுமாம். கேள்விகள் எல்லாம் பழையவை. வரவு எத்தனை, பாடக்குறிப்பு எத்தனை, கற்பித்தல் பயிற்சியில் யாருக்கு என்ன தரம். என்னையறியாமல் எதிரே இருந்த உன் மேசையைப் பார்த்தேன். அதில் இப்போது யாரும் பாவிக்காத தட்டச்சுப் பொறி இருக்கிறது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே படிவத்தை நம் இருவரிடமும் தந்தபோது நீ சிரித்தாய்.

"மச்சான், இது சமைச்ச ஆளுக்குப் புள்ளி போடுற கடதாசி. சாப்பிட்ட புள்ளைக்கு வயிறு நிறைஞ்சுதா எண்டு ஒரு கேள்வி கிடக்கா, பாரு."

இல்லைத்தான். ஆனால் மத்தியானத்துக்குள் நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன் நான். நீ கேட்கவில்லை. நாம் பயிற்றி அனுப்பியவர்களைத் தேடிப்போய், அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று நின்றாய். அவர்களில் அரைவாசிப் பேர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். நம் கரையில் இராணுவம், அந்தக் கரையில் இயக்கம். விரிவுரையாளர் ஒருவரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. கற்பித்தல் பயிற்சியைக்கூட நகரத்துப் பள்ளிக்கூடங்களில், கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வாங்கில் இருத்தித்தான் பார்த்துப் புள்ளி போட்டோம்.

துறையடிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் நம் படிவத்தை வாங்கினான். தமிழ் தெரியாது. தலைகீழாகப் பிடித்தபடி எட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். சைக்கிள்களோடு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, அது கரையை விட்டு நகர்ந்த பிறகு நீ சொன்னாய்: "நம்மட படிவத்தக் கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்த முதல் ஆள் அவன்தான் மச்சான்." பக்கத்தில் நின்ற மீன்காரர் நாம் சிரித்ததைப் பார்த்துத் தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பிறகு எங்கும் சிரிக்கவில்லை.

முதலில் பழுகாமத்துக்கு அங்கால் ஒரு சிறிய பள்ளிக்கூடம். அங்கிருந்த ஆசிரியர் அவர் ஆண்டில் முதலாவதாகத் தேறியவர். அவர் பிறிஸ்டல் அட்டைகளில் வரைந்த படங்களை இரண்டு நாள் மண்டபத்தில் தொங்கவிட்டோம். அதியுயர் தரம் போட்டவன் நான். நாம் போனபோது விறாந்தையில் ஏழெட்டுப் பெண்கள் வெற்றுக் கடதாசியோடு காத்திருந்தார்கள். பிடிபட்டுப்போன புருஷனுக்காக, மகனுக்காக மனு எழுத வந்தவர்கள்.

"இந்த ஊருக்கே நான்தான் மனு எழுதுறன் சேர். அஞ்சு வருஷமா. நான் இல்லாட்டி இதுகள் என்ன செய்யுங்கள்?" என்றார் ஆசிரியர். குரலில் பெருமை. நானும் மெச்சினேன்.

நீ ஒரு பெண்ணின் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாய். "உங்கட மகள் பள்ளிக்கூடம் போறாவா?"

"ஓம் சேர், இஞ்சதான். எட்டாம் வகுப்பு."

"அவ எழுதித்தர மாட்டாவா?"

"கரும்பலகையில கிடக்கிறத அச்சாப் பாத்து எழுதுவா சேர். மனசில கிடக்கிறத எழுதத் தெரியா."

நீ எழுந்து சைக்கிளை எடுத்தாய். அடுத்துக் கரடியனாற்றுப் பக்கம் போனோம்.

அங்கே இருந்த ரீச்சரை உனக்கு நினைவிருக்கும். மயிரிழையில் தேறியவர். கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு படமும் கொண்டுவராமல், பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து, பாடநேரம் முழுவதும் அவர்களைக் கதைக்கவிட்டுப் பிறகு கதைத்ததை எழுதச் சொன்னவர். 'வகுப்புக் கட்டுப்பாடு இல்லை' என்று எழுதி ஆகக் குறைந்த தரம் போட்டதும் நான்தான். அவருடைய விறாந்தையில் ஒருவரும் இல்லை. "இவவ ஊர் மதிக்கிறல்ல போல" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலியோரம் நின்ற தாயிடம் மனு யார் எழுதுவது என்று கேட்டாய். "ஏன் சேர், எங்கட புள்ளையே எழுதும்" என்று உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். பத்து வயதுப் பிள்ளையின் எழுத்து.

'எங்கள் அப்பா புதன்கிழமை விறகுக்குப் போனார். நீலச் சாறன் உடுத்திருந்தார். இடது காலில் மண்வெட்டி வெட்டிய தழும்பு இருக்கிறது. பசித்தால் அவருக்குக் கை நடுங்கும். முதலில் சாப்பாடு கொடுங்கள்.'

நீ அதை இரண்டு தரம் வாசித்தாய். திரும்பி வரும்போது பாதைப் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எங்க எழுதிக்குடுக்க ஆள் தேவையில்லையோ, அங்கதான் நம்மட பயிற்சி வேல செஞ்சிருக்கு. அளக்கிறதெண்டா அத அளப்பம்."

ஒன்பது பக்கத்தில் அறிக்கை எழுதினாய். நாம் மேலே வைத்தவர் கீழேயும், கீழே வைத்தவர் மேலேயும் இருப்பதை மறைக்காமல் எழுதினாய். அறிக்கைக்கு இருவர் கையெழுத்து வேண்டும். அதிபர் வாசித்துவிட்டு, "இத அனுப்பினா நம்மட கலாசாலைய நாமளே இழுத்து மூடுற வேல" என்றார். உன்னைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. நான் பேனையை எடுக்கவில்லை.

கலாசாலையைக் காப்பாற்றத்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பொய். அந்தக் குறைந்த தரம் என் கையால் போட்டது. அது வெளியே போவதை நான் விரும்பவில்லை. அது உனக்கும் தெரிந்திருந்தது. "நானும் அதத்தான் போட்டிருப்பன் மச்சான், நாம எல்லாரும் அப்பிடித்தானே படிச்சு வந்தம்" என்று எனக்கு வழிவிட்டாய். அப்போதும் நான், "ரெண்டு பள்ளிக்கூடத்த வச்சு ஒரு முடிவா?" என்றேன்.

நீ அதை நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டாய். அடுத்த திங்கட்கிழமை மேலும் பள்ளிக்கூடங்களைப் பார்க்கத் தனியாகப் போனாய். பின்நேரம் அந்தப் பக்கம் ஷெல் விழுந்தது. புதன்கிழமை அதே பாதைப் படகில் உன்னைக் கொண்டுவந்தார்கள்.

அஞ்சலிக் கூட்டத்தில் அதிபர் உன் சேவையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மறுவாரம் நானும் இன்னொருவரும் ஒப்பமிட்ட பழைய படிவம் கொழும்புக்குப் போனது. இன்று அதிபரும் கொழும்பில்தான், பெரிய கதிரையில். எனக்கு வரவேண்டிய பதவி இரண்டு முறை தவறியது. ஒன்றையும் நான் மறக்கவில்லை. உன்மேலும் கோபம் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். நான் வந்திருக்க மாட்டேன் என்பது வேறு கதை.

இப்போது என்னோடு தர்க்கம் பண்ண ஆளில்லை. பத்து மணித் தேநீருக்கு நான் என்ன சொன்னாலும் இளையவர்கள் தலையாட்டுகிறார்கள். நீ இருந்தால் என் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனியும் பிழை, கதையும் பிழை" என்பாய். அந்தப் பிழை பிடிப்பதற்காக எதையும் கொடுப்பேன்.

கற்பித்தல் பயிற்சி பார்க்கப் போகும்போது நான் இப்போது ஆசிரியரைப் பார்ப்பதில்லை. கடைசி வாங்கில் போயிருந்து பிள்ளையின் கொப்பியை வாங்குகிறேன். பார்த்து எழுதியதா, தானாக எழுதியதா என்று தேடுகிறேன். ஆசிரிய மாணவர்கள் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள். இது உன்னிடமிருந்து வந்தது என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.

இந்தப் படிவத்தை நிரப்பப் போவதில்லை. போகும் முன் என் மேசையில் நீ வைத்துவிட்டுப் போன ஒன்பது பக்கப் பிரதி என்னிடம்தான் இருக்கிறது. உனக்கு எழுதிய இதை உனக்கு அனுப்ப முகவரி கிடையாது. இரண்டையும் ஒரே உறையில் வைத்து, படிவம் கேட்டவர்களுக்கே அனுப்பப் போகிறேன். என் பெயரைக் கண்டால் 'பதவி கிடைக்காதவனின் எரிச்சல்' என்று வாசிக்காமலே கட்டிவைப்பார்கள். மொட்டைக் கடிதம் இந்த ஊரில் என்னென்ன செய்திருக்கிறது என்பதும் தெரியும். அதன் சொல்லைக் கேட்டு ஆட்களை வீட்டிலிருந்து கூட்டிப்போயிருக்கிறார்கள். எனக்குப் பயமும் இருக்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன?

ஆனாலும் பெயர் போடாமல் அனுப்புவதற்குக் காரணம் அது மட்டுமல்ல. உன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே எனக்காக விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது. இன்று பேனையை எடுத்தேன். அதில் வைக்கும் தகுதியுள்ள கையெழுத்து என்னிடம் இல்லை. நாளை தபாற்கந்தோர் திறந்ததும், அந்த இடத்தையும் இந்த மடலின் அடியையும் அப்படியே விட்டு, தபாலில் சேர்ப்பேன்.